ஓப்பன்ஐடி

ஓர் இணைய முகவரியையே அடையாளமாகக் கொண்டு பல தளங்களில் உள்நுழைய உதவும் திறந்த நெறிமுறை. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பயனர் தேர்ந்தெடுத்த அடையாளத் தளத்தின் வேலை. பிற தளங்கள் அதன் உறுதிமொழியை ஏற்கும். மையப் பதிவேடு கிடையாது.

இதற்கு முன்னரே மைக்ரோசாஃப்ட் பாஸ்போர்ட் (1999), லிபர்ட்டி அலையன்ஸ் (2001) போன்ற முயற்சிகள் இருந்தன.

லைவ்ஜர்னலை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், சிக்ஸ் அபார்ட் நிறுவனத்தில் இருந்தபோது, 2005 மே மாதத்தில் இதை வடிவமைத்தார். ஒரு வலைப்பதிவில் பின்னூட்டம் இடுபவர், தமது எனக் காட்டும் வேறொரு வலைப்பதிவுக்கு உண்மையிலேயே சொந்தக்காரர்தானா என்று அறிவதே தொடக்க நோக்கம். முதலில் யாடிஸ் எனப்பட்டது. அப்பெயர் பின்னர் முகவரியிலிருந்து அடையாளத் தளத்தைக் கண்டறியும் துணை நெறிமுறைக்குப் போயிற்று.

தொடக்ககாலச் செயல்முறை சிக்கனமானது. பயனர் தம் முகவரியைத் தட்டச்சு செய்வார். தளம் அப்பக்கத்தைத் திறந்து, அதன் தலைப்பகுதியிலுள்ள குறிப்பைப் படித்து, அவரை அடையாளத் தளத்துக்கு அனுப்பும். அங்கே ஒப்புதல் அளித்ததும் கையொப்பமிட்ட பதிலுடன் அவர் திரும்புவார். கையொப்பத்துக்கான இரகசியச் சாவியை இரு தளங்களும் டிஃபி–ஹெல்மன் முறையில் முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளலாம். சொந்தப் பக்கம் வைத்திருந்தவர்கள் அதில் இரண்டே வரி எச்டிஎம்எல் சேர்த்து, சரிபார்க்கும் பொறுப்பை எந்த அடையாளத் தளத்திடமும் ஒப்படைக்க முடிந்தது. அத்தளம் மூடப்பட்டாலோ பிடிக்காமல் போனாலோ அவ்விரு வரிகளை மாற்றினால் போதும். முகவரியும் அதைச் சார்ந்த கணக்குகளும் அப்படியே இருக்கும். நெறிமுறையின் ஆகச் சிறந்த பகுதி இதுவே எனலாம். பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் நிரலாளர்களே.

எல்ஐடி, ஸ்கிப் (Sxip), எக்ஸ்ஆர்ஐ ஆகிய இணை முயற்சிகளின் கருத்துகளும் பின்னர் இதில் கலந்தன. இக்கலப்பு நெறிமுறையை வளப்படுத்தியதா, கனக்கச் செய்ததா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 2007 ஜூனில் ஓப்பன்ஐடி அறக்கட்டளையும் டிசம்பரில் 2.0 பதிப்பும் வந்தன. 2007 பிப்ரவரியில் ஏஓஎல் தன் பயனர்களுக்குச் சுமார் 6.3 கோடி ஓப்பன்ஐடிகள் இருப்பதாக அறிவித்தது. 2008 ஜனவரியில் யாஹூ சொன்ன கணக்கு 24.8 கோடி. அவை தங்களிடம் இருப்பதை எத்தனை பேர் அறிந்திருந்தனர் என்பது வேறு கேள்வி.

இத்தனை எண்ணிக்கை இருந்தும் ஓப்பன்ஐடி பின்னர் செல்வாக்கிழந்தது. அதற்குக் காரணம் எதுவென்பதில் விவாதம் தீரவில்லை. மின்னஞ்சலைக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இணைய முகவரியை அடையாளமாகத் தருவது புதிராக இருந்தது என்பர் சிலர். உள்நுழைவுப் பக்கத்தை அடைத்துக்கொண்ட அடையாளத் தளச் சின்னங்களின் வரிசையைக் குறை கூறுவர் வேறு சிலர். பெருநிறுவனங்கள் அடையாளம் வழங்க முந்தின, பிறர் தந்ததை ஏற்கத் தயங்கின என்ற வாதமும் உண்டு. 2008இல் வந்த ஃபேஸ்புக் கனெக்ட் ஒரே பொத்தானில் வேலையை முடித்தது.

2014 பிப்ரவரியில் மைஓப்பன்ஐடி என்ற அடையாளத் தளம் மூடப்பட்டது. அதே மாதம் ஓஆத் 2.0 என்ற அனுமதி நெறிமுறை மீது கட்டப்பட்ட ஓப்பன்ஐடி கனெக்ட் வெளியானது. பெயர் தொடர்ந்தாலும், அந்த இரண்டு வரிகளுக்கு அதில் இடமில்லை. கூகுள் 2015இலும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018இலும் பழைய முறையைக் கைவிட்டன.

சொந்த முகவரியால் உள்நுழையும் கருத்தை இன்டிஆத் என்ற நெறிமுறை தொடர்கிறது. மையப் பதிவேடு வேண்டாத, பரவலாக்கப்பட்ட அடையாளக்குறிகளுக்கான தரத்தை, கூகுள், மொசில்லா உள்ளிட்டோரின் முறையான ஆட்சேபங்களைக் கடந்து, 2022 ஜூலையில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியிட்டது.