ஏஜெண்ட் பதவியிலிருந்து ஹைகமிஷனர் வரை: வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் தென்னாப்பிரிக்கப் பணி

பூதலூர் வழியே செல்லும் தஞ்சை–திருச்சி இருப்புப்பாதை, நாகப்பட்டினம் துறைமுகத்தை உள்நாட்டோடு இணைக்க 1860களின் தொடக்கத்தில் போடப்பட்ட தடத்தின் ஒரு பகுதி. நெல் மட்டுமா போயிற்று? ஆட்களும் போனார்கள். நாகையில் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறுவோருக்கென்றே முகாம் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றினார்கள். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. விடுதலைக்கு முந்தைய இந்தியா வெளிநாட்டில் வைத்த பிரதிநிதிப் பதவியின் வேர் தில்லி அலுவலகங்களில் இல்லை, இந்தக் கூலிப் பயணத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து.

1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி இலங்கைக்கும் மலாயாவுக்கும் ‘ஏஜெண்ட்’ அனுப்பப்பட்டார். சம்பளம், குடியிருப்பு, புகார் என்று தோட்டத்தைச் சுற்றியே அவர் வேலை. தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை குறித்து இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட 1927 கேப்டவுன் உடன்படிக்கைக்குப் பின் தென்னாப்பிரிக்க அரசு ஒரு பிரதிநிதியைக் கேட்டபோதும் அதே பெயர்தான் சூட்டப்பட்டது. அடிமை நாட்டுக்குத் தூதர் ஏது?

காந்தியின் வற்புறுத்தலும் சேர, அப்பதவியை முதலில் ஏற்றவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1869இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத் தலைவர். 1921இலேயே பிரிவி கவுன்சில் உறுப்பினர், அடுத்த ஆண்டு வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர். பதவி சிறியது, ஆள் பெரியவர். இந்தப் பொருத்தமின்மையே அவருக்குக் கைகொடுத்தது. இந்தியரை வாசலிலேயே நிறுத்திய வெள்ளையர் மன்றங்கள், அவருடைய ஆங்கிலத்தைக் கேட்கக் கூடின.

அந்தப் பேச்சு எதைச் சாதித்தது? கண்ணுக்குத் தெரியும் பலன் டர்பனில் உள்ள சாஸ்திரி கல்லூரி. இந்திய மாணவர்களின் உயர்நிலைக் கல்விக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் அவர் திட்டமிட்டது. பணம் இந்தியர்களிடமே திரட்டப்பட்டது. 1929 அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது அவர் ஊர் திரும்பியிருந்தார்.

கேப்டவுன் உடன்படிக்கையின் மறுபக்கம் கசப்பானது. இந்தியாவுக்குத் திரும்பச் சம்மதித்தால் பெரியவருக்கு 20 பவுன், சிறுவருக்கு 10 பவுன், கூடவே இலவசக் கப்பல். ‘விருப்பத்தின் பேரில்’ என்று ஏட்டில் எழுதியிருந்தாலும், பிழைப்பை முடக்கும் சட்டங்களுக்கு நடுவே அந்த விருப்பத்துக்கு என்ன மதிப்பு? சென்னையில் இறங்கியவர்கள் பட்ட அவதியை பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931 அறிக்கையில் அம்பலப்படுத்தினர். சாஸ்திரி உடன்படிக்கையின் பக்கமே நின்றார். அதிலிருந்த கல்விப் பிரிவைக் காப்பாற்ற இந்த விலையை ஏற்றார் என்று நினைக்கிறேன்.

1937இல் மலாயாத் தொழிலாளர் நிலை பற்றி அவர் அளித்த அறிக்கையும் அங்குள்ள இந்தியத் தலைவர்களுக்கு மென்மையாகவே பட்டது. மறு ஆண்டே, உதவி பெற்றுச் செல்லும் கூலிப் பயணத்தை இந்திய அரசு தடை செய்தது. நாகை முகாமுக்கு ஆள் வரத்து நின்றது.

தென்னாப்பிரிக்கப் பதவி 1935இல் ஏஜெண்ட் ஜெனரல் என்றும், 1941இல் ஹைகமிஷனர் என்றும் உயர்ந்தது. பெயர் உயர உயர உறவு கெட்டது. 1946இல், ஏப்ரல் 17 அன்று சாஸ்திரி மறைந்த சில வாரங்களுக்குள், இந்தியா தன் ஹைகமிஷனரைத் திரும்ப அழைத்து, தென்னாப்பிரிக்க இந்தியர் வழக்கை ஐ.நா. சபைக்குக் கொண்டு சென்றது.