இரண்டு கோருக்குக் காசு, நான்கு கோருக்கு ஆசை

“அண்ணே, இது எந்த வாரத்து சரக்கு?”

2010ல், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை கவுன்டரில் நின்று நான் கேட்ட கேள்வி இது. கடைக்காரர் பில் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். “பாக்கெட் பாலா வாங்குற தம்பி? தேதி பாத்து வாங்க?”

நான் வாங்கப் போனது ப்ராசஸர். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. வீட்டில் கொடுத்த காசு இரண்டு கோர் சிப்புக்குத்தான் போதும். ஆனால் அந்த இரண்டு கோர் சிப்புக்குள் நிஜத்தில் நான்கு கோர்கள் இருக்கின்றன, இரண்டைப் பூட்டி வைத்து விற்கிறார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் திறந்துவிடலாம் என்று ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. சிப்பின் மூடியில் உற்பத்தி வாரம் பொறித்திருக்கும். சில வாரத்துச் சரக்கு சுலபமாகத் திறக்கும் என்பது அன்றைய ஐதீகம். அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குப் புரிய ஒரு வருடமும், ஒரு நண்பனின் மூன்று வார உழைப்பும் செலவாயின.

*

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி நிறுவனம் 2009 ஜனவரியில் ஃபீனம் 2 வரிசையை வெளியிட்டது. அதன் அடிப்படை ‘டெனெப்’ என்ற வடிவமைப்பு. 45 நானோமீட்டர் நுட்பம், நான்கு கோர், 6 மெகாபைட் எல்3 கேஷ், 258 சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் 75.8 கோடி டிரான்சிஸ்டர்கள். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து ஆலையில் தயாரானது. பிப்ரவரியில் மூன்று கோர் கொண்ட எக்ஸ்3 720 வந்தது. ஜூனில் இரண்டு கோர் கொண்ட எக்ஸ்2 550 வந்தது. இவற்றுக்கென்று தனி வடிவமைப்பு எதுவும் போடவில்லை. எல்லாம் அதே டெனெப். ஒன்றில் ஒரு கோரும், இன்னொன்றில் இரண்டு கோரும் அணைக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். எக்ஸ்4 955இன் அறிமுக விலை 245 டாலர். எக்ஸ்2 550இன் விலை 102 டாலர்.

உள்ளே இருக்கும் சிலிக்கான் ஒன்றேதான் எனும்போது எதற்காக அணைக்க வேண்டும்?

சிப்புகள் ஒவ்வொன்றாகச் செய்யப்படுவதில்லை. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கான் தட்டில் டெனெப் அளவுள்ள சிப்புகள் ஏறத்தாழ 230 அச்சாகும். அந்தத் தட்டில் எங்கே ஒரு தூசி விழும், எங்கே ஒரு படலம் மெலியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிப் பெரிதாக ஆக, அதன் மேல் ஒரு குறையாவது விழும் வாய்ப்பும் கூடும். குறை ஒரு கோரின் மேல் விழுந்தால் மற்ற மூன்று கோர்களையும் குப்பையில் போடுவானேன்? கெட்டதை அணைத்துவிட்டு மூன்று கோர் சிப் என்று விற்கலாம். 2006ல் வந்த ப்ளேஸ்டேஷன் 3இன் செல் ப்ராசஸரில் எட்டு துணைக் கோர்கள் செய்து, ஏழை மட்டும் பயன்படுத்தினார்கள். ஒன்று கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

வேகமும் இப்படித்தான். ஒரே தட்டில் பிறந்த இரண்டு சிப்புகளில் ஒன்று 3.4 கிகாஹெர்ட்ஸில் நிதானமாக ஓடும். இன்னொன்று 3 தாண்டினாலே தடுமாறும். சோதித்துப் பார்த்துத் தரம் பிரித்து, மேலே ஒரு எண்ணைப் பொறிக்கிறார்கள். மாங்காய் மண்டியில் நடக்கும் அதே வேலை.

மண்டியில் இன்னொன்றும் நடக்கும். இரண்டாம் ரகம் கேட்டு ஆள் வந்து நிற்கிறார், அன்றைக்குப் பார்த்துக் காய் எல்லாம் முதல் ரகம். வியாபாரி என்ன செய்வார்? நல்ல காயையே இரண்டாம் ரகக் கூடையில் போட்டுக் கொடுப்பார். ஆலை பழகப் பழக விளைச்சல் கூடும், குறையுள்ள சிப்புகள் குறையும். ஆனால் மலிவு சிப்புக்கான கூட்டம் குறையாது. அப்போது நல்ல கோரையும் அணைத்துத்தான் விற்க வேண்டியிருக்கும்.

ஆக, பூட்டு ஒன்று, காரணம் இரண்டு. ‘இந்த அறையில் பாம்பு இருக்கிறது’ என்பதற்கும் ‘இந்த அறைக்கு நீ வாடகை தரவில்லை’ என்பதற்கும் ஒரே பூட்டு. வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

*

இந்தப் பூட்டு 2009ல் பிறந்ததல்ல. 1991ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்ற சிப்பை விற்றது. ஆரம்பத்தில் வந்தவை முழுமையான 486டிஎக்ஸ் சிப்புகளே. தசமக் கணக்குப் போடும் பகுதி மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. பிறகு அந்தப் பகுதி வேண்டும் என்பவர்கள் 487எஸ்எக்ஸ் என்ற துணைச் சிப்பை வாங்கிப் பக்கத்தில் செருகலாம் என்றார்கள். உண்மையில் அந்தத் துணைச் சிப் ஒரு முழு 486. செருகியதும் பழையதை ஓரங்கட்டிவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும். அதே காலத்தில் ஐபிஎம் தன் லேசர் பிரின்டருக்கு ஒரு மலிவுப் பதிப்பு விட்டது. நிமிடத்துக்கு 10 பக்கம் அடிப்பது 5 பக்கம் அடித்தது. வேகத்தைக் குறைக்கக் கூடுதலாகக் காத்திருப்புகளைச் சேர்த்திருந்தார்கள்.

ரேமண்ட் டெனெக்கெரே, பிரெஸ்டன் மெக்காஃபி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1996ல் எழுதிய கட்டுரையில் இவற்றைச் ‘சேதப்படுத்திய சரக்குகள்’ என்றே அழைத்தார்கள். படிக்கும்போதே கோபம் வரும் பெயர். ஆனால் அவர்கள் காட்டியது வேறு. சில நிலைமைகளில் இந்தச் சேதத்தால் விற்பவர், பணக்காரர், ஏழை மூவருக்குமே லாபம். சேதப்படுத்திய சரக்கு இல்லாவிட்டால் ஏழைக்கு எதுவுமே கிடைத்திருக்காது. எனக்கு ஒத்துக்கொள்ள மனமில்லாத வாதம், மறுக்கவும் வழியில்லை. 102 டாலர் சிப் இல்லையென்றால் நான் 245 டாலர் சிப்பை வாங்கியிருப்பேனா? அப்பாவுக்கு ஃபோன் போடக்கூடத் துணிந்திருக்க மாட்டேன்.

பூட்டு வந்த நாளிலிருந்தே திறப்பவர்களும் வந்துவிட்டார்கள். 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ வெளியானது. விலை 149 டாலர். ஒரு ப்ராசஸரின் வேகம் என்பது பஸ் வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி வருவது. இதில் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5. பெருக்கெண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். அதற்கும் நியாயமான ஒரு காரணம் உண்டு. மெதுவான சிப்பின் மேல் வேகமான எண்ணை அச்சடித்து ஏமாற்றி விற்கும் கும்பல்கள் அப்போது இருந்தன. ஆனால் பஸ் வேகம் மதர்போர்டின் கையில். சிப்பின் பி21 என்ற ஒரே ஒரு முனையை டேப்பால் மறைத்தால், மதர்போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்று நம்பிவிடும். 300 அப்படியே 450 ஆகும். அதே மாதம் வந்த பென்டியம் 2 450இன் விலை 669 டாலர்.

2000ல் ஏஎம்டியின் தண்டர்பேர்ட், டூரான் சிப்புகளில் பூட்டு, எல்1 என்ற சிறு செப்புப் பாலங்களாகச் சிப்பின் மேலேயே வெட்டவெளியில் இருந்தது. வெட்டுப்பட்ட பாலத்தைச் சாதாரணப் பென்சிலால் தேய்த்தால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பெருக்கெண் திறந்துகொள்ளும். அடுத்த ஆண்டு வந்த அத்லான் எக்ஸ்பியில் லேசரால் குழியே தோண்டிவிட்டார்கள். ஆட்கள் சூப்பர் க்ளூவால் குழியை நிரப்பி, மேலே மின்கடத்தும் பெயின்ட் பூசினார்கள்.

எங்கள் தலைமுறைக்குப் பென்சில்கூடத் தேவைப்படவில்லை. ஓவர்கிளாக் செய்பவர்களுக்காக எஸ்பி750 சிப்செட்டில் ‘அட்வான்ஸ்டு கிளாக் கேலிப்ரேஷன்’ என்று ஒரு வசதி வந்திருந்தது. பயாஸில் அதை ஆன் செய்தால், யாரும் எதிர்பாராத விதமாக, அணைத்துவைத்த கோர்களும் கண் விழித்தன. இது 2009இன் தொடக்கத்தில் தெரிய வந்தது. எக்ஸ்2 550ஐத் திறந்தால் திரையில் அதன் பெயரே ‘எக்ஸ்4 பி50’ என்று மாறிவிடும். எந்தக் கடையிலும் கிடைக்காத மாடல்! பிறகு மதர்போர்டு கம்பெனிகளே ‘கோர் அன்லாக்கர்’ என்று விளம்பரம் போட்டு விற்றன. ஒரு சின்னக் குறை மட்டும் உண்டு. திறந்த சிப்பில் கோர் வெப்பநிலையைப் படிக்க முடியாது. வெப்பமானி குருடாகிவிடும்.

*

என் சிப்பும் திறந்தது. ராத்திரி ஒரு மணிக்கு டாஸ்க் மேனேஜரில் நான்கு கட்டங்களைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். விட்டேனா? பெருக்கெண்ணையும் ஏற்றி 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போனேன். வேகம் ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டும். சூடு வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கத்தின் விகிதத்திலும் கூடும். கேபினெட் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். பிரைம்95 ஓட்டிப் பார்த்தேன். பெரிய பகா எண்களைத் தேடும் அந்த ப்ரோக்ராம், விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ப்ராசஸரைச் சோதிக்கும். இரவு முழுக்க ஓட்ட வேண்டும் என்பார்கள். இரண்டு மணி நேரத்தில் போதும் என்று நிறுத்திவிட்டேன்.

என் அறைத்தோழன் மெக்கானிக்கல். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தான். ஹாஸ்டலிலேயே வேகமான மெஷின் என்னுடையது. “ராத்திரி ஓட்டிக்கவா மச்சான்?” என்றான். பெருமையாகக் கொடுத்தேன். அது பூட்டைத் திறந்த மெஷின் என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு இரவுகளில் இரண்டு விடை வந்தது. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறுவது சகஜம். இது இரண்டாம் இலக்கத்திலேயே மாறியது. மெஷின் ஹேங்க் ஆகவில்லை, நீலத் திரை வரவில்லை. சாதுவாகத் தப்பான விடை கொடுத்தது. மூன்று வாரம் அவன் தன் ப்ரோக்ராமை வரி வரியாகத் தோண்டினான். ரிவ்யூவில் கைடு முன்னால் நின்று “என் கோடுல ஏதோ தப்பு சார், கண்டுபிடிக்க முடியல” என்று சொல்லிவிட்டு வந்தான்.

லேப் மெஷினில் ஓட்டியபோது எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் புரட்டியது. வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கி, கோர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். நான்காவது கோர் ஓடினால் தப்பு. அணைத்தால் சரி. ஆலையில் யாரோ, அல்லது ஏதோ ஒரு சோதனைக் கருவி, அதை ஏற்கனவே கண்டுபிடித்துத்தான் பூட்டியிருந்தது. மூன்றாவது கோரில் ஒரு குறையும் இல்லை. கடைசி வரை ஒழுங்காக உழைத்தது. ஒரே சிப்பில் இரண்டு பூட்டு, ஒன்றுக்குப் பின்னால் பாம்பு, இன்னொன்றுக்குப் பின்னால் வெறும் காலி அறை.

அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “மெஷின் தப்பு பண்ணுச்சுன்னு எனக்குக் கோபம் இல்லடா. நான் மூணு வாரமா என்னைத்தானே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

*

2010ல் இன்டெல் இதையே வெளிப்படையாகச் செய்து பார்த்தது. பென்டியம் ஜி6951 சிப்பை வாங்கி, 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கிக் குறியீட்டை உள்ளிட்டால் ஹைப்பர்த்ரெடிங்கும் கூடுதல் கேஷும் திறக்கும். நான் வாங்கிய பொருளைத் திறக்க மறுபடியும் காசா என்று எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். 2011ல் ஏஎம்டியின் புல்டோசர் வந்தபோது கோர் திறக்கும் காலமும் முடிந்தது. தரம் பிரிப்பது மட்டும் நிற்கவில்லை. 2020ல் வந்த ஆப்பிள் எம்1இன் மலிவுப் பதிப்பில் எட்டு கிராஃபிக்ஸ் கோர்களில் ஏழுதான் வேலை செய்யும். திறக்கத்தான் வழியில்லை.

இப்போது நானும் பூட்டுகள் போடும் ஆள். என் வேலையில் ஒரே மென்பொருளை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிட்டு, சில வசதிகளை அணைத்து வைப்போம். சில, பணம் கட்டாததால். சில, இன்னும் சோதித்து முடிக்காததால். இரண்டுக்கும் திரையில் ‘இந்த வசதி உங்களுக்கு இல்லை’ என்ற ஒரே செய்திதான் வந்துகொண்டிருந்தது. போன வருடம் அதை இரண்டாகப் பிரித்து எழுதினேன். ரிவ்யூ செய்த பெண் கேட்டாள், “எதுக்கு இது? ரெண்டும் லாக்தானே?”

“ரெண்டும் லாக்தான். ஒண்ணைத் திறந்தா நமக்கு நஷ்டம், இன்னொண்ணைத் திறந்தா அவங்களுக்கு நஷ்டம். எதுன்னு அவங்களுக்குத் தெரியட்டும்.”

அப்ரூவ் செய்துவிட்டாள்.