மடக்கு மின்மிதிவண்டியின் வரலாறு

மடக்கு மின்மிதிவண்டி என்பது சட்டகத்தில் உள்ள கீல்களின் உதவியால் மடித்துச் சிறிதாக்கக்கூடியதும், மிதிப்பவருக்குத் துணையாக மின்கலத்தால் இயங்கும் மோட்டாரைக் கொண்டதுமான மிதிவண்டி ஆகும். வீட்டிலிருந்து தொடருந்து நிலையம் வரை ஓட்டிச் சென்று, மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு, இறங்கும் நிலையத்திலிருந்து பணியிடம் வரை மீண்டும் ஓட்டிச் செல்வதற்காகவே பலரும் இதை வாங்குகின்றனர். அடுக்குமாடி வீடுகளில் வண்டி நிறுத்த இடம் இல்லாதோரும், தெருவில் நிறுத்தினால் திருடு போகும் என்று அஞ்சுவோரும் இதை நாடுகின்றனர்.

இவ்வண்டியில் தனித்தனியே வளர்ந்த இரண்டு கண்டுபிடிப்புகள் சேர்ந்துள்ளன. மடிப்பு, மிதிவண்டியைத் தொடருந்துக்குள்ளும் மின்தூக்கிக்குள்ளும் நுழைய வைத்தது. மின்கலம், மேட்டையும் எதிர்காற்றையும் எளிதாக்கியது. ஆனால் எடையைக் கூட்டியது, தீ விபத்து பற்றிய அச்சத்தையும் கொண்டுவந்தது. ஒன்று திறந்த கதவை மற்றொன்று மூடக்கூடும் என்பதே இவ்வண்டியின் வரலாற்றில் தொடர்ந்து வரும் சிக்கல்.

மடிப்பின் தொடக்கம்

மிதிவண்டியைச் சிறிதாக்க வேண்டும் என்ற எண்ணம் மிதிவண்டிக்கு நெருங்கிய வயதுடையது. முன்சக்கரம் மிகப் பெரிதாக இருந்த காலத்திலேயே, 1878-இல், இலண்டனைச் சேர்ந்த வில்லியம் கிரவுட் எடுத்துச் செல்லத்தக்க மிதிவண்டி ஒன்றை உருவாக்கினார். அதன் பெரிய சக்கரத்தின் வளையத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பையில் அடுக்க முடிந்தது. அதை மடித்தல் என்பதைவிடக் கழற்றி அடுக்குதல் என்று கூறுவதே பொருந்தும்.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் மிதிவண்டி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களையும் சங்கிலி இணைப்பையும் கொண்டிருந்தது. இந்த அமைப்பு பரவிய பிறகே சட்டகத்தின் நடுவில் கீல் பொருத்துவது இயல்பான வழியாயிற்று. 1890-களில் பிரெஞ்சுப் படை அதிகாரியான கேப்டன் ஜெரார், தொழிலதிபர் சார்ல் மோரெலுடன் இணைந்து படைவீரர்களுக்கான மடக்கு மிதிவண்டியைத் தயாரித்தார். பாதை உள்ள இடத்தில் வீரன் ஓட்டிச் செல்வான். பாதை இல்லாத இடத்தில் வண்டியை மடித்து முதுகில் சுமந்து செல்வான்.

இரண்டாம் உலகப் போரில் இந்த எண்ணம் இன்னொரு படி சென்றது. பிரித்தானியாவின் பி.எஸ்.ஏ. நிறுவனம் வான்குடைப் படையினருக்காக மடக்கு மிதிவண்டிகளைத் தயாரித்தது. சட்டகத்தில் இருந்த இரு கீல்களையும் கையால் திருகக்கூடிய மரைகளைக் கொண்டு இறுக்கவும் தளர்த்தவும் முடிந்தது. 1944 சூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படைகளிலும் இவ்வண்டிகள் இருந்தன. இதே பி.எஸ்.ஏ. என்னும் பெயர், பின்னாளில் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த மிதிவண்டிகள் வழியாகத் தமிழ்நாட்டில் வீடுதோறும் அறிமுகமானது.

சிறிய சக்கரங்களின் காலம்

படைக்கான மடக்கு வண்டிகளில் சக்கரங்கள் வழக்கமான அளவிலேயே இருந்தன. ஆகவே மடித்த பிறகும் அவை பெரிதாகவே இருந்தன. பொறியாளர் அலெக்ஸ் மோல்டன் 1962-இல் வெளியிட்ட மிதிவண்டி இந்நிலையை மாற்றியது. சூயஸ் நெருக்கடியின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டதால் அவர் மிதிவண்டியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். சிறிய சக்கரம் சாலையில் அதிகம் குலுங்கும், மெதுவாகவே ஓடும் என்ற கருத்தை, காற்றழுத்தம் மிகுந்த டயர்களையும் இரப்பர் அதிர்வுத்தாங்கிகளையும் கொண்டு அவர் மாற்றிக் காட்டினார். அவருடைய வண்டி மடிக்கத்தக்கது அன்று. எனினும், சிறிய சக்கரம் உள்ள வண்டி பொம்மை அன்று என்பதை அது நிறுவியது.

1970-களின் தொடக்கத்தில் ஹாரி பிக்கர்டன் அலுமினியத்தாலான எடை குறைந்த மடக்கு மிதிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதைப் பார்த்த ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர், இதைவிடச் சிறிதாக மடிக்க முடியும் என்று எண்ணி, 1970-களின் நடுவில் இலண்டனில் தம் வீட்டு அறையிலேயே மாதிரிகளைச் செய்யத் தொடங்கினார். அவ்வறையிலிருந்து தெரிந்த பிராம்ப்டன் ஆரட்டரி தேவாலயத்தின் பெயரே அவருடைய வண்டிக்கும் அமைந்தது. பெரிய நிறுவனங்கள் முன்வராததால், நண்பர்களிடமும் அறிந்தவர்களிடமும் முன்பணம் பெற்று முதல் 30 வண்டிகளை அவர் செய்தார். முழு அளவிலான உற்பத்தி 1988-இல்தான் தொடங்கியது. பிராம்ப்டனின் பின்சக்கரம் சட்டகத்தின் அடியில் சுழன்று மடங்கும். முன்பகுதி பக்கவாட்டில் மடங்கும். எண்ணெய் படிந்த சங்கிலி இரு சக்கரங்களுக்கும் நடுவில் அடங்கிவிடும். தொடருந்தில் பக்கத்தில் நிற்பவரின் உடையில் கறை படாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு முதன்மையான காரணம்.

இதே காலத்தில் கலிபோர்னியாவில் லேசர் துறையில் பணியாற்றிய இயற்பியலாளர் டேவிட் ஹான், எண்ணெய் நெருக்கடியால் தூண்டப்பட்டு மடக்கு மிதிவண்டி ஒன்றை வடிவமைத்தார். 1982-இல் அவர் தொடங்கிய டாஹோன் நிறுவனம் தைவானில் உற்பத்தியை மேற்கொண்டது. சட்டகத்தின் நடுவில் ஒரே கீல், 20 அங்குலச் சக்கரம் என்னும் எளிய அமைப்பு ஆசியத் தொழிற்சாலைகளில் பரவியது. இன்று விலை குறைந்த மடக்கு மின்மிதிவண்டிகளுள் பெரும்பாலானவை இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன.

மின்சாரம் வந்த வழி

மின்சார மிதிவண்டியும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன், பின்சக்கரத்தின் குடத்தில் மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்கு 1895 திசம்பர் 31 அன்று காப்புரிமை பெற்றார். 10 வோல்ட் மின்கலம், பற்சக்கரங்கள் இல்லாத நேரடி இயக்கம் ஆகியவற்றை அவர் விவரித்தார். இன்றும் பல வண்டிகளில் மோட்டார் சக்கரக் குடத்திலேயே உள்ளது.

அக்காலத்தில் குறையாக இருந்தது மின்கலமே. ஈய-அமில மின்கலம் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 வாட்-மணி ஆற்றலையே தரும். 300 வாட்-மணி வேண்டுமானால் 10 கிலோ சுமக்க வேண்டும். கையில் தூக்கிச் செல்ல வேண்டிய மடக்கு வண்டிக்கு இது ஒத்துவராது. 1981-இல் ஹோண்டா நிறுவனம் மகிழுந்தின் பின்பகுதியில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க மோட்டோகோம்போ என்ற சிறு வண்டியை வெளியிட்டபோது, அதில் 49 கன செ.மீ. பெட்ரோல் இயந்திரமே இருந்தது.

இரண்டு மாற்றங்கள் இந்நிலையைத் தீர்த்தன. ஒன்று, சோனி நிறுவனம் 1991-இல் இலித்தியம்-அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் பயனாக, 300 வாட்-மணி மின்கலத் தொகுதியின் எடை பின்னாளில் 3 கிலோவுக்குள் அடங்கியது. மற்றொன்று, யமாஹா நிறுவனம் 1993-இல் ஜப்பானில் பாஸ் என்ற மிதிவண்டியை வெளியிட்டது. மிதிப்பவர் எவ்வளவு விசையுடன் மிதிக்கிறார் என்பதை உணரி ஒன்று அளக்க, அதற்கேற்ப மோட்டார் துணை செய்தது. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றது. இதனால் அதை மோட்டார் வாகனமாகக் கருதாமல் மிதிவண்டியாகவே கருத முடிந்தது.

இரண்டும் இணைந்தபோது

2016-இல் சீனாவின் சியோமி நிறுவனம் 2,999 யுவான் விலையில் சிசைக்கிள் என்ற மடக்கு மின்மிதிவண்டியை அறிமுகம் செய்தது. அதன் எடை 14.5 கிலோ. 2017-இல் பிராம்ப்டன் தன் மின்மிதிவண்டியை அறிவித்தது. 250 வாட் மோட்டார் முன்சக்கரத்தில் பொருத்தப்பட்டது. 300 வாட்-மணி மின்கலம் முன்புறப் பையில் வைக்கப்பட்டது. தொடருந்தில் ஏறும்போது பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியை மற்றொரு கையில் தூக்கலாம். மொத்த எடை ஏறத்தாழ 17 கிலோ என்பதால், அதை இரண்டாகப் பிரிப்பதே வழியாயிற்று.

எது மிதிவண்டி, எது வாகனம்?

இவ்வண்டியை எங்கே ஓட்டலாம் என்பதைச் சட்டமே முடிவு செய்கிறது. பிரித்தானியா 1983-இலேயே மின்துணை மிதிவண்டிகளுக்குத் தனி விதிகளை வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வெளியிட்ட நெறிமுறை, 250 வாட்டுக்கு மேற்படாத தொடர் ஆற்றலும், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நின்றுவிடும் மோட்டார் துணையும் உடையவற்றை மோட்டார் வாகன விதிகளிலிருந்து விலக்கியது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அதே ஆண்டில் 750 வாட் வரை அனுமதித்தது. இந்தியாவிலும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த ஆற்றலும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட மின்வண்டிகள், விதியில் கூறப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால், மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை.

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் விதிகள் இன்னும் நுணுக்கமானவை. அங்கு மின்மிதிவண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. ஈ.என். 15194 என்ற ஐரோப்பியத் தரத்தை அது நிறைவு செய்ய வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்து எண் பலகை பொருத்த வேண்டும். மிதிக்காமலே ஓடச் செய்யும் விசைப்பிடி கூடாது. ஓட்டுபவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும்; 2022 சனவரி முதல் எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். சாலையிலும் சைக்கிள் பாதையிலும் ஓட்டலாம், நடைபாதையில் ஓட்டக்கூடாது. தொடருந்தில் கொண்டு செல்லும் மடக்கு மிதிவண்டிக்கோ 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம் என்ற அளவு விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே அங்கு வாங்குபவருக்கு, விற்பனையாளர் கூறும் வேகத்தைவிட வண்டியில் ஒட்டப்பட்டுள்ள ஆணையத்தின் முத்திரையே முக்கியமானது.

தீ

இலித்தியம் மின்கலம் பழுதடைந்தாலோ, பொருந்தாத மின்னேற்றியில் இணைக்கப்பட்டாலோ, உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு வெப்பம் கட்டுக்கடங்காமல் பெருகலாம். ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். அது வாசலுக்கு அருகில் நடந்தால் வீட்டில் இருப்போர் வெளியேற வழி இருக்காது. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையின் கணக்குப்படி, 2023-இல் மட்டும் அந்நகரில் இவ்வகை மின்கலங்களால் 268 தீ விபத்துகள் நேர்ந்தன. 18 பேர் இறந்தனர். நாள்தோறும் பல மணி நேரம் வண்டியோட்டும் உணவு விநியோகப் பணியாளர்கள் பலர், விலை குறைந்த மின்கலங்களையும் பழைய கலங்களைச் சேர்த்துக் கட்டியவற்றையும் பயன்படுத்தி வந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல், யூ.எல். 2849 என்ற பாதுகாப்புத் தரத்தை நிறைவு செய்யாத மின்மிதிவண்டிகளை அந்நகரில் விற்பது தடை செய்யப்பட்டது.

இலண்டனில் 2021-இல் சுரங்கத் தொடருந்து ஒன்றில் மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதை அடுத்து, அவ்வாண்டு திசம்பரில் மின்ஸ்கூட்டர்கள் தொடருந்துகளில் தடை செய்யப்பட்டன. 2025 பிப்ரவரியில் ரேனர்ஸ் லேன் நிலைய நடைமேடையில் மின்மிதிவண்டி ஒன்று எரிந்தது. அதன்பின் மார்ச் 31 முதல், மடிக்க இயலாத மின்மிதிவண்டிகளுக்கும் தடை வந்தது. மடக்கு மின்மிதிவண்டிகள் மட்டும் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டன. சாதாரண மிதிவண்டியில் பின்னர் மின்கலம் பொருத்தி மாற்றியமைக்கப்பட்டவற்றில் ஆபத்து மிகுதி. மடக்கு வண்டிகள் அவ்வாறு மாற்றப்படுவது குறைவு என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தோன்றிய மடிப்பு, இங்கு நம்பகத்தின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது.

வானூர்தியில் அந்தச் சலுகை இல்லை. பயணிகள் எடுத்துச் செல்லும் இலித்தியம் மின்கலத்துக்கு, விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன் கூட 160 வாட்-மணியே பொதுவான உச்ச வரம்பு. பெரும்பாலான மின்மிதிவண்டிகளின் மின்கலம் இதைவிடப் பெரியது. மடித்துப் பெட்டியில் அடைத்தாலும், மின்கலத்தை விட்டுவிட்டே பறக்க வேண்டும்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

இவ்வரலாற்றிலிருந்து வாங்குபவர் கவனிக்க வேண்டியவை தெளிவாகின்றன. முதலாவது, எடை. 17 கிலோ வண்டியும் 25 கிலோ வண்டியும் கடையில் நிற்கும்போது ஒன்று போலவே தோன்றும். நிலையத்தின் படிக்கட்டில்தான் வேறுபாடு தெரியும். ஆகவே வாங்குமுன் மடித்து, தூக்கி, சில படிகள் ஏறிப் பார்ப்பது நல்லது. இரண்டாவது, கீல். ஓட்டுபவரின் எடை முழுவதும் அதன் வழியே செல்வதால், இறுக்கும் கைப்பிடி தளர்ந்துள்ளதா, பற்றவைப்பில் விரிசல் உள்ளதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். மூன்றாவது, மின்கலத்தின் உண்மையான அளவு. வோல்ட் அளவை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 36 வோல்ட், 7 ஆம்பியர்-மணி எனில் 252 வாட்-மணி. ஒரு கிலோமீட்டருக்கு 8 வாட்-மணி செலவாகும் என்று கொண்டால், ஏறத்தாழ 30 கி.மீ. ஓடும். மேடும் எதிர்காற்றும் ஓட்டுபவரின் எடையும் இதைக் குறைக்கும். நான்காவது, மின்னேற்றம். வண்டியுடன் வந்த மின்னேற்றியையே பயன்படுத்துவதும், உறங்கும்போதும் வெளியேறும் வழியிலும் மின்னேற்றாமல் இருப்பதும் தீயணைப்புத் துறைகள் வலியுறுத்தும் விதிகள்.

இறுதியாக நிற்பது ஆயுள் பற்றிய கேள்வி. நல்ல மடக்கு மிதிவண்டியின் சட்டகம் பல பத்தாண்டுகள் உழைக்கும். மின்கலமோ சில நூறு முறை முழுமையாக மின்னேற்றிய பிறகு தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழக்கும். பல நிறுவனங்களின் மின்கலங்கள் அவற்றின் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்துகின்றன. நிறுவனம் அவ்வகையைக் கைவிட்டால், உரிமையாளர் தரமற்ற மாற்று மின்கலத்தைத் தேடிச் செல்லும் நிலை ஏற்படுகிறது. நியூயார்க்கில் நேர்ந்த ஆபத்தும் இவ்வழியேதான் வருகிறது. இதனால், வண்டியின் விலையைக் கேட்பவர் மாற்று மின்கலத்தின் விலையையும், அது இன்னும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது.