கடன் துண்டும் சிறுவர் கதையும்

நானுஓயாவுக்கு 1885 ஆம் ஆண்டில் புகைவண்டி வந்தது. தேயிலை கொழும்புக்கு விரைந்தது. தொழிலாளியோ பெற்ற முன்பணத்தினால் கங்காணியிடம் கட்டுண்டு கிடந்தான். கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டிக் குடும்பத்தை ஏற்கும். கடனும் உடன் குடிபெயரும். இம்முறையை 1921 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை 'வீடற்றவன்' முதலிய நூல்களில் எழுதினார். அவை பெரியோர்க்கு உரியவை. சிறுவருக்கு அரசகுமாரர் கதை மட்டும் போதாது. சம்பள நாளில் தாய் கணக்குப் பார்த்துக் கலங்குவதைக் காணும் லயத்துக் குழந்தை, வறுமை தன் பெற்றோரின் குற்றம் என்று எண்ணலாகாது. துண்டின் வரலாறு அறிந்த கதையே அந்த ஐயத்தைத் தீர்க்கும்.