வாகரை வேடரும் அவர்தம் அயலாரும்

வரலாறு என்றதும் நம் மனத்திலே முதலிற் தோன்றுவன மன்னர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் கல்லிலும் செம்பிலும் பொறித்த சாசனங்களுமேயாம். ஆயின், சாசனம் பொறிக்கும் வழக்கமில்லாத மக்கள் எத்தனையோ நூற்றாண்டுகள் வாழ்ந்த ஊர்கள் நம் நாட்டிற் பலவுள. அவ்வூர்களுக்கு வரலாறு இல்லையென்று கூறிவிடல் முறையாகுமா? அவ்வரலாறு வேறொரு வடிவில் உறைந்து கிடக்கின்றதா? இவ்வினாவை மனத்திற் கொண்டு, கிழக்கிலங்கையின் ஒரு மூலையிலுள்ள வாகரையையும் அங்கு வாழும் வேடர் குலத்தாரையும் அவர்தம் அயலாரையும் சிறிது நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாகரை, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரத்தில், கோறளைப்பற்று வடக்குப் பிரிவில் அமைந்துள்ளது. கிழக்கே வங்கக் கடல். உட்புறத்தே பனிச்சங்கேணிக் களப்பு. அதற்கப்பால் மேற்கு நோக்கி விரியும் காடு. மாங்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி ஆகியன இப்பகுதியின் ஊர்கள். வடக்கெல்லையாக வெருகலாறு ஓடுகின்றது. இந்த ஆறு தனியாறன்று. இலங்கையின் நடுமலைத் தொகுதியிலே தோன்றி, 335 கிலோமீற்றர் நீளம் பாயும் மகாவலி கங்கையின் ஒரு கிளையே வெருகல் என்னும் பெயருடன் இங்கே கடலை அடைகின்றது. மலைநாட்டு மழை இங்கே களப்பு நாட்டு வெள்ளமாகின்றது. நீர் மட்டுமன்றி மக்களும் தெய்வங்களும் அவ்வழியே மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கினர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இப்பகுதியின் பழைமைக்குக் கதிரவெளியே சான்று. பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமச் சின்னங்கள் கிழக்கிலங்கையிற் கண்டறியப்பட்ட இடங்களுள் அது குறிப்பிடத்தக்கதாகும். இறந்தாரை அடக்குதற்குப் பெருங்கற்களை நாட்டுதல் தனியொருவராற் செய்யத்தக்க வேலையன்று. பலர் கூடி இழுத்தும் தூக்கியும் நிறுத்தியுமே அது முடியும். ஆகவே வாகரைப் பகுதியின் மிகப் பழைய வரலாற்றுச் சான்றும் ஓர் அரசனின் பெயரைக் கூறுவதன்று. அயலார் பலர் ஒருங்கு கூடினர் என்பதையே கூறுவதாகும்.

இனி வேடரை நோக்குவோம். தெற்கே களுவன்கேணி முதலாக வடக்கே மூதூர்ப் பகுதி வரையுள்ள கரையோரத்திலே, தம்மை வேடர் வழியினர் எனக் கூறும் குடிகள் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் மொழி தமிழ். மீன்பிடித்தல், தேனெடுத்தல், சேனைப்பயிர் செய்தல், கூலிவேலை என்பன அவர்தம் தொழில்கள். தம் முன்னோர் மேற்கே உள்நாட்டிலிருந்து வந்தவர் என்பது அவரிடையே வழங்கும் மரபு. தொல்காப்பியம் வகுத்த முறையிற் கூறின், குறிஞ்சித் திணையினர் நெய்தற் கரைக்கு வந்து சேர்ந்தவராவர். வில்லும் நாயுமாக மலைச்சாரலில் அலைந்த ஒரு குடி, வலையும் தோணியுமாகக் களப்பங்கரையில் அமைந்தது. இம்மாற்றம் ஒரு நாளிலோ ஒரு தலைமுறையிலோ நிகழ்ந்திருத்தல் இயலாது.

வேடருக்கும் அயலாருக்கும் பண்டைக்காலத்தில் நிலவிய உறவைப்பற்றி அறிய, இப்பகுதியின் அயலிலேயே சிறைப்பட்ட ஓர் ஆங்கிலேயர் நமக்கு உதவுகின்றார். 1659ஆம் ஆண்டு புயலிற் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் கப்பலைச் செப்பனிடும்பொருட்டு, அதன் தலைவரும் மாலுமிகளும் வெருகலுக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டனர். 1660ஆம் ஆண்டில் அவர்கள் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். அவருள் ஒருவரே தலைவரின் மகனாகிய றொபேட் நொக்ஸ். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் உள்நாட்டிற் சிறையிருந்து தப்பிய அவர், 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, பிந்தனைக் காட்டு வேடரைப்பற்றிச் சுவையான செய்தியொன்றைத் தருகின்றார். அம்பு வேண்டிய வேடர், இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் இலையொன்றை நறுக்கி அதனருகே வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வாறே அம்பு செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாதுவிடின் ஓரிரவில் அவன்மீதே அம்பு பாயவும் கூடும்.

இச்செய்தியை வியப்புக்குரிய காட்டு வழக்கம் என்று படித்துவிட்டுச் செல்வதே பலருக்கும் இயல்பு. சற்று ஆழ்ந்து நோக்கின், அயலுறவின் முதற்படி இதுவெனத் தோன்றும். ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆயினும் இலையின் வடிவே சொல்லாகவும் இறைச்சியே விலையாகவும் நின்று இருசாராரையும் இணைத்தன. அச்சமும் நம்பிக்கையும் சமமாகக் கலந்த உறவு அது. இருளில் நிகழ்ந்த இவ்வுறவு பகல் வெளிச்சத்துக்கு வந்து, முகம் பார்த்து, ஒரே பந்தியில் உண்ணும் நிலையை அடைதற்கு இடையே என்ன நிகழ்ந்திருத்தல் வேண்டும்? அதற்குரிய விடை சடங்குகளிலேயே உள்ளது என்பது எமது கருத்து.

உள்நாட்டு வேடரின் சடங்குகளை 1907–08 ஆண்டுகளில் நேரிற் கண்டு ஆராய்ந்தோர் செலிக்மன் தம்பதியர். அவர்களது நூல் 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறந்த உறவினரின் ஆவிகள் வாழ்வோரைக் காக்கின்றன என்பதும், அவ்வாவிகளை ஆடலாலும் படையலாலும் அழைத்துப் போற்றுதல் வேண்டும் என்பதும் வேடர் சமயத்தின் உயிர்நிலை என்று அவர்கள் கண்டனர். சோறும் தேங்காய்ப்பாலும் படைக்கப்படும். ஆடுவோன்மீது ஆவி இறங்கும். வேட்டையையும் நோயையும்பற்றி வாக்குரைக்கும். பின்னர் அப்படையலைக் கூடியிருந்தோர் பகிர்ந்துண்பர். இறந்தாரும் இருப்பாரும் ஒரே பாத்திரத்தில் உண்ணும் கூட்டம் அது.

கரையோர வேடருக்கும் அந்நூலாசிரியர்கள் ஓர் அதிகாரம் ஒதுக்கினர். அங்கே அவர்கள் கண்ட புதுமை ஒன்றுண்டு. காட்டிலே அறியப்படாத, கடல் கடந்து கப்பலில் வந்தவையாகக் கருதப்படும் கப்பற்பேய்கள் என்னும் ஆவிகளுக்குக் கரையோர வேடர் சடங்கு செய்தனர். மலையிலிருந்து வந்தோர் கடலைத் தமதாக்கிக்கொண்ட வரலாறு இச்சடங்கொன்றிலே அடங்கிவிடுகின்றது. எந்த ஏட்டிலும் எழுதப்படாத இடப்பெயர்வை ஒரு வழிபாடு எழுதி வைத்திருக்கின்றது. மலைத்தெய்வத்தை விடாமலே கடற்றெய்வத்தையும் ஏற்றுக்கொண்ட அம்மக்கள், தம் பழைமையை இழந்தவரா, அதனை விரித்தவரா என்பதை அறிஞர் சிந்தித்தல் நன்று.

வேடர் குடிகளுக்கு மட்டுமன்றி மட்டக்களப்பு நாடு முழுவதற்கும் சடங்கு என்னும் சொல் தனிப்பொருள் உடையது. வைகாசித் திங்களிற் கண்ணகி அம்மன் கோயில்களிலே கதவு திறத்தலுடன் தொடங்கிக் குளிர்த்தியுடன் நிறைவெய்தும் சடங்கை அறியாதார் இந்நாட்டில் இலர். வெம்மை நோய்கள் நீங்கவும் மழை பொழியவும் வேண்டி ஊர் முழுவதும் கூடும் காலம் அது. நெல் தருவோர், பொங்கற் பானை சுமப்போர், பறை கொட்டுவோர், உடுக்கடித்துப் பாடுவோர், பூசைபுரியும் கட்டாடியார், தெய்வம் ஏறி ஆடுவோர் எனத் தத்தம் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அதனாற் சடங்கென்பது வழிபாடு மட்டுமன்று. யார் யாருக்கு அயலார், யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை ஆண்டுதோறும் மறவாமல் எல்லார் முன்னிலையிலும் எழுதிக் காட்டும் ஓர் ஏடுமாகும்.

வாகரைப் பகுதி மக்களுக்கு இவ்வாறான பெருங்கூட்டத்தை அளிப்பது வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலாகும். ஆற்றின் வடகரைக் கொட்டியாரத்தாரும் தென்கரை வாகரையாரும் அங்கே சந்திக்கின்றனர். வடக்கேயிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களும் வெருகலிலே தங்கி, கதிரவெளி, வாகரை வழியாகத் தெற்கே செல்வர். வள்ளியம்மை வேடர் குலத்தில் வளர்ந்த நங்கை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. முருகனைத் தம் மருமகன் முறையாகக் கொண்டாடும் உரிமை வேடருக்கு உண்டு என்னும் உணர்வு அக்கதையிலிருந்தே பிறக்கின்றது. குறிஞ்சித் தெய்வம் நெய்தற் கரையிலே, மலையிலிருந்து இறங்கிய ஆற்றின் முகத்துவாரத்தை அண்டிக் கோயில் கொண்டிருத்தல் எவ்வளவு பொருத்தம்! அங்கே வேளாண்மை செய்வோரும் மீன்பிடிப்போரும் வேடரும் ஒரு வேலின் முன்னே நிற்கின்றனர். நொக்ஸ் காலத்து இலைமொழி, அரோகரா என்னும் ஒரே குரலாக மாறிவிட்டது.

நிற்க, இவ்வொற்றுமையைக் கூறும்போது உண்மையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அயலுறவு என்பது எக்காலத்தும் சமனான உறவாக இருந்ததன்று. கல்வியிலும் நிலவுடைமையிலும் பின்தள்ளப்பட்ட வேடர் பலர், பிறர் இகழ்வர் என அஞ்சித் தம் குலப்பெயரையே கூறாது விட்டனர். பந்தியில் இடந்தந்த அயலார், பாடசாலையிலும் தொழிலிலும் அவ்வாறே இடந்தந்தனர் எனக் கூற முடியாது. கோயில் வாயிலிற் கிடைத்த மதிப்பு ஊர்ச்சந்தியிலும் கிடைத்தாலன்றி அயலுறவு நிறைவு பெறாது.

இப்பெயர் மறைவின் விளைவைக் குடிசன மதிப்பு அட்டவணைகளிற் காணலாம். இலங்கை முழுவதிலும் வேடர் என 1911ஆம் ஆண்டிற் பதியப்பட்டோர் 5,332 பேர். 1946இல் 2,361, 1953இல் 803, 1963இல் 400. ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் இவ்வளவு பேர் மாண்டுவிட்டனரா? அன்று. மாண்டது மக்களல்லர்; பெயரே. தமிழ் பேசியவர் தமிழரென்றும் சிங்களம் பேசியவர் சிங்களவரென்றும் எழுதப்பட்டனர். தூய வேடர் யாவர் எனத் தேடிய அறிஞர்களும், கலப்புற்றவரை வேடரல்லர் என ஒதுக்கும் மனப்பான்மைக்குத் துணை செய்தனர். மொழியையும் குருதியையும் அளவுகோலாகக் கொண்டால், உலகில் எஞ்சும் இனம் எது? தமிழ் பேசி, மீன்பிடித்து, வேலனை வணங்கி, அதே வேளையிற் தம் முன்னோர் தெய்வங்களுக்கும் மடை வைக்கும் ஒரு குடியை, மறைந்த குடியென எவ்வாறு கூறலாம்? எண்ணிக்கை காட்டாத உண்மையைச் சடங்கு காட்டுகின்றது.

மலைச்சாரலிலே எஞ்சிய வேடரின் நிலையும் இங்கே ஒப்புநோக்கத் தக்கது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் பகுதியாக 1983ஆம் ஆண்டில் மதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, தம்பானையைச் சார்ந்த வேடர் தம் வேட்டைக்காடுகளை இழந்தனர். காடு போனபோது வேட்டை மட்டும் போகவில்லை. வேட்டைக்கு முன்னும் பின்னும் கூடிய கூட்டங்களின் களமும் போயிற்று. கூடுதற்கு இடமிழந்த குடி, நினைவையும் இழக்கத் தொடங்குகின்றது. ஒரே ஆற்றின் தலையிலும் முடிவிலும் வாழும் இரு கிளையினருக்கும் இது பொதுவான அச்சமாகும்.

வாகரைக்கு நேர்ந்த சிதைவுகளோ இன்னும் கொடியன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பெருநாசம் விளைத்தது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களைக் கழுவிச் சென்றது. அத்துன்பம் ஆறுமுன்னரே போர் மூண்டது. 2006ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். தொடர்ந்து வாகரை மக்கள் காடும் களப்பும் கடந்து தெற்கே ஓடினர். 2007ஆம் ஆண்டிலே மீள்குடியேற்றம் தொடங்கியது. உறவினர் ஒருவர் ஓரிடத்திலும் மற்றொருவர் வேறிடத்திலுமாகச் சிதறிய அக்காலத்தில் அழிந்தவற்றைக் கணக்கிட்டோர் வீடுகளையும் தோணிகளையும் கணக்கிட்டனர். மடை வைக்கும் முறை அறிந்த முதியவர் ஒருவரோடு மறைந்துபோனதைக் கணக்கிட எந்தப் படிவத்திலும் இடமில்லை.

ஆகவே, எமது முதல் வினாவுக்கு மீளுகின்றோம். சாசனமில்லாத ஊரின் வரலாறு எங்கே உள்ளது? அது ஊரார் கூடும் இடத்திலே உள்ளது. கூட்டம் நடைபெறும்வரை அது வாழும். கூட்டம் நின்றால் அதுவும் நிற்கும். கல்வெட்டு நூறாண்டுகள் மண்ணிற் புதையுண்டு கிடந்தாலும் மீண்டும் படிக்கப்படலாம். சடங்கோ, ஒரு தலைமுறை செய்யாதுவிடின், மறு தலைமுறையாற் படிக்க முடியாத ஏடாகிவிடும்.

1962ஆம் ஆண்டில் எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். 1964ஆம் ஆண்டில் வி. சீ. கந்தையா அவர்கள் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை வெளியிட்டார். ஏடுகளையும் ஊர் வழக்குகளையும் தேடிக் காத்த அப்பெரியோரின் பணி, களப்பின் வட எல்லை வரை இன்னும் நீளுதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர், ஒரு கொப்பியும் பணிவும் கொண்டு முதியவர் திண்ணையில் அமர்ந்தாற் போதும். சடங்குக்கு முதல் அழைப்பு எவ்வீட்டுக்குச் செல்கின்றது? அரிசி தரும் முறை யாருடையது? பறை எந்த ஊரிலிருந்து வருகின்றது? எத்தெய்வத்தின் பெயர் முதலிற் சொல்லப்படுகின்றது? எச்சொற்களின் பொருளை இன்று ஒருவரும் அறியார்? இவ்வைந்து வினாக்களுக்கும் விடை எழுதப்படின், வாகரை வரலாற்றின் முதலேடு எழுதப்பட்டதாகும். எழுதுவோர், வேடர் முதியவரைத் தகவல் தருபவராக மட்டும் கருதாது, அவ்வரலாற்றின் ஆசிரியராகவே மதித்தல் வேண்டும்.

இலையை நறுக்கிக் கொல்லன் வாயிலில் வைத்துச் சென்ற வேடன், விடியுமுன் காட்டுக்குள் மறைந்தான். அவனது வழித்தோன்றல் இன்று நம் அருகே அமர்ந்திருக்கின்றான். அவனிடம் வினவுவதற்கு இலை வேண்டியதில்லை. நாம் பேசும் மொழியையே அவனும் பேசுகின்றான். கேட்பதற்குச் செவி வேண்டும். அதுவே நம் கடன்.