மனைவியின் பழைய பாக்கி

மருமகள் என்ன கொண்டு வருகிறாள் என்று கணக்குப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். இங்கிலாந்திலோ, ஒரு காலத்தில், அவள் என்ன பாக்கி வைத்துவிட்டு வருகிறாள் என்றும் விசாரிக்க வேண்டியிருந்தது.

பழைய ஆங்கிலச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஓர் ஆள் கணவன்தான்! மோதிரம் அணிவித்த கணமே அவளுடைய ரொக்கமும் பண்டபாத்திரமும் அவனுடையவை. அதற்கு ஈடாக, கல்யாணத்துக்கு முன் அவள் பட்ட கடனும் அவன் தலையில் விழும். அவள் வெறுங்கையோடு வந்திருந்தாலும் கடன்காரன் அவனைத்தான் பிடிப்பான்.

இதற்காக ஜனங்கள் செய்த தந்திரங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் சில மணப்பெண்கள் உள்ளங்கி ஒன்றை மட்டும் அணிந்து மாதா கோயிலுக்கு வந்தார்கள். இப்படி ஒன்றுமில்லாமல் வருகிறவளின் கடன் கணவனைத் தொடராது என்று ஊரார் நம்பினார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. லண்டன் ப்ளீட் சிறையைச் சுற்றி வேறொரு வியாபாரம் நடந்தது. கடன்பட்ட பெண் கொஞ்சம் பணம் கொடுத்து அங்கே ஒரு கைதியைக் கல்யாணம் செய்துகொள்வாள். கடனுக்காக ஏற்கெனவே உள்ளே இருப்பவனை யார் என்ன செய்ய முடியும்? 1753-ஆம் வருஷத்து விவாகச் சட்டம் அந்தக் கல்யாணங்களுக்கு முடிவு கட்டியது.

ஆனால் கணவனின் பொறுப்பு தாம்பத்தியம் உள்ளவரைதான். கடன்காரன் தீர்ப்பு வாங்குமுன் மனைவி இறந்தால் அவன் தப்பினான். கணவன் முந்திக்கொண்டாலோ, கடன் அவளிடமே திரும்பும்; அவள் கொடுத்த ரொக்கம் திரும்பாது! 1857-ல் நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற வழி பிறந்தது. மனைவி பிறருக்கு இழைத்த தீங்குக்காக, விவாகரத்துக்குப் பின் பழைய கணவன் மீது வழக்குத் தொடர முடியாது என்று 1864-ல் நீதிபதிகள் தீர்த்தார்கள். அவளோ தனியாகக் கடன்காரர்களைச் சந்திக்க வேண்டும்.

1870-ல் பார்லிமெண்ட் கணவனை மனைவியின் பழைய கடனிலிருந்து அடியோடு விடுவித்தது. அவள் கொண்டுவந்த பெரும்பாலான பணம் மட்டும் அவனிடமே தங்கியது. பாவம், தையற்காரனும் மளிகைக்காரனும்! நாலே வருஷத்தில் தவறு புரிந்தது: பெற்ற அளவுக்குக் கணவன் கொடுக்க வேண்டும் என்று 1874-ல் திருத்தினார்கள். அதே 1874-ல் இந்தியாவில் வந்த சட்டம், 1865-ஆம் வருஷத்துக்குப் பின் மணந்தவர்கள் விஷயத்தில், முன்கடனை மனைவியின் தனிச் சொத்தின் மீதே வைத்தது. அது ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாது.

1882-ல் ஆங்கிலப் பெண்ணின் சொத்து அவளுடையதே ஆயிற்று. 1935-ல் கணவனின் மிச்சப் பொறுப்பும் போயிற்று. கடன் அவளைத் தேடி வந்ததை நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். தன் பாக்கியைத் தானே தீர்க்கலாம் என்றால், தீர்ப்பதற்குத் தன் பணம் என்று ஒன்று கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?