பதில் சொல்ல ஓர் ஆள் – ராயபுரம் முதல் விம்கோ நகர் வரை

சென்ற முறை நம் பழைய மாணவர் சந்திப்புக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழன் கேட்டான்: "மச்சான், இப்ப எங்கடா இருக்க?"

"ஸ்டேஷன்ல" என்றேன்.

"போலீஸா?" என்று அவன் கண்கள் விரிந்தன.

"இல்லடா. மெட்ரோ ரயில் ஸ்டேஷன். பயணிகள் சேவை டீம் லீடர்."

அவன் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே, "மெக்கானிக்கல் முடிச்சுட்டு டிக்கெட் கவுன்ட்டர்லயா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டான். அதனால்தான் அது மனசில் தைத்துவிட்டது.

அன்று நான் பதில் சொல்லவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் என் சொந்தக் கதையாக அல்ல, நம் வடசென்னையின் கதையாக. தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு டிக்கெட் கொடுத்து ரயில் ஏற்றிவிட்ட இடம், நம் கல்லூரி மாணவர்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற ராயபுரம்தான்!

கல் கேள்வி கேட்காது

நம் பக்கத்தில் தண்டவாளம் என்ற பொருள் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1837-இல் செங்குன்றம் பகுதியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு, சாலை போடக் கல் கொண்டுவர ஓர் இருப்புப் பாதை போட்டார்கள். அதில் பயணிகள் கிடையாது. ஆகவே டிக்கெட் கொடுப்பவரும் கிடையாது, விசாரணை அறையும் கிடையாது. "வண்டி எப்ப வரும்?" என்று கல் கேட்காதல்லவா?

பம்பாய்–தாணா ரயில் 1853-இல் ஓடியது. ஹௌரா–ஹூக்ளி 1854-இல். மூன்றாவதாக, 1856 ஜூலை 1-ஆம் தேதி, மதராஸ் ரயில்வே கம்பெனியின் வண்டி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். கவர்னர் ஹாரிஸ் பிரபு தலைமையில் விழா நடந்தது. கடற்கரைக்கும், கோட்டைக்கும், கருப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட வணிகப் பகுதிக்கும் பக்கத்தில் இருந்ததால்தான் ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உயரமான தூண்கள் வைத்த அந்தக் கட்டடம், 1873-இல் சென்ட்ரல் வரும்வரை நகரின் தலைவாசலாக இருந்தது.

விழா நாளில் ஏறியவர்கள் கவர்னரின் விருந்தினர்கள். அவர்களுக்குக் கேள்வி எதுவும் இருந்திருக்காது, கூடவே ஆட்கள் இருந்தார்கள். அதன் பிறகு டிக்கெட் வாங்கி ஏறிய நம் மக்களுக்குத்தான் எல்லாமே புதுசு. எந்தப் பெட்டியில் ஏறுவது? மூட்டைக்குக் காசு உண்டா? எங்கே இறங்குவது? ரயில் நிலையத்தில் என் மாதிரி ஆட்களுக்கு வேலை பிறந்தது அப்போதுதான் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

அட்டை டிக்கெட்டும் சென்னை மணியும்

நம்மில் மூத்தவர்களுக்கு அந்தச் சின்ன அட்டை டிக்கெட் நினைவிருக்கும். கவுன்ட்டரில் கொடுக்கும்போது "டக்" என்று ஒரு இயந்திரத்தில் தள்ளித் தேதி குத்துவார்கள். இங்கிலாந்தில் ஒரு ஸ்டேஷனில் வேலை பார்த்த தாமஸ் எட்மண்ட்ஸன் 1830களில் கண்டுபிடித்த முறை அது. அதற்கு முன் ஒவ்வொரு டிக்கெட்டையும் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டம் வரிசையில் காத்துக் கிடக்கும். எட்மண்ட்ஸன் முன்கூட்டியே அச்சடித்து, வரிசை எண் போட்டுவிட்டார். நேரமும் மிச்சம், கணக்கும் சுத்தம். கவனியுங்கள், அதைக் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை. பயணியின் எதிரில் நின்று, அவர் படும் அவதியைப் பார்த்த ஒரு நிலைய ஊழியர்! 1980களில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்த பிறகும் பல வருஷங்கள் அந்த அட்டை நம் ஊரில் உயிரோடு இருந்தது.

அடுத்தது நேரம். அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்கு ஒரு மணி, பம்பாய்க்கு ஒரு மணி, சென்னைக்கு ஒரு மணி. ஊருக்கு ஒரு நேரம் என்றால் கால அட்டவணை எப்படிப் போடுவது? ஆகவே இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தையே ரயில் நேரமாக எடுத்துக்கொண்டன. நுங்கம்பாக்கம் வான் ஆய்வுக்கூடத்தின் மணி, தந்தி வழியாக நிலையங்களுக்குப் போயிற்று. 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும் வரையில் இதுதான் ஏற்பாடு. "வண்டி எத்தனை மணிக்கு?" என்ற கேள்விக்கு நாடு முழுவதும் நம் ஊர் மணியில்தான் பதில் சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

யாருக்கு மரியாதை?

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் அது சரித்திரம் ஆகாது. கம்பெனிகளுக்கு வருமானம் கொட்டியது மூன்றாம் வகுப்பு மக்களிடமிருந்து. மரியாதை போனதோ முதல் வகுப்புக்கு.

1917-இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேருக்கான பெட்டியில் ஓர் இரவின் பெரும்பகுதி 35 பேர் வரை அடைந்து கிடந்ததையும், கழிப்பறைகள் இருந்த கோலத்தையும் விவரமாக எழுதி வெளியிட்டார். பயணி கொடுத்த புகார் மனு என்றே அதைப் படிக்கலாம். எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளை அதைப் படிக்கச் சொல்வேன். என்ன நடந்தது, எத்தனை பேர், எங்கே என்று ஒரு என்ஜினீயர் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்.

நிலையத்துச் சாப்பாட்டு அறைகளின் கதை இதைவிடக் கசப்பானது. நம் பக்கத்து ரயில் நிலையங்களில் 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனி இடம் பிரித்திருந்தார்கள். ஒரே வண்டியில், ஒரே கட்டணம் கொடுத்து வந்தவர்கள் இறங்கியதும் வேறு வேறு வாசலில் நுழைய வேண்டும். பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்ததோ 1974-இல்.

ஆக, 'பயணிகள் சேவை' என்பது சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்வது மட்டும் இல்லை. யாரைப் பயணி என்று மதிக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அந்த வட்டம் பெரிதாகப் பெரிதாகத்தான் ரயில் நம் மக்களுடையது ஆயிற்று.

ஆலைச் சங்கும் எலெக்ட்ரிக் டிரெயினும்

இதற்கிடையில் ராயபுரம் மெல்ல மெல்லத் தன் பவிசை இழந்தது. துறைமுகம் வளர்ந்தது, பயணிகள் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போனார்கள். மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமை அலுவலகமும் 1922-இல் சென்ட்ரல் பக்கம் குடிபெயர்ந்தது. 1951-இல் தெற்கு ரயில்வே பிறந்தபோது ராயபுரம் ஏற்கெனவே ஒதுங்கிப் போயிருந்தது. சிதிலமான கட்டடத்தை 2005-இல் புதுப்பித்தார்கள். துணைக்கண்டத்தில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் அது என்பார்கள். பார்க்காதவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வடக்கே போகும் பாதைக்கு வேறு வகையில் உயிர் வந்தது. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலை, டயர் ஆலை, மோட்டார் சைக்கிள் ஆலை. எண்ணூரில் லாரி ஆலை, 1970-இல் அனல் மின் நிலையம். 'விம்கோ நகர்' என்கிற பெயரே 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கம்தான்! 1979-இல் கும்மிடிப்பூண்டி வரை மின்மயமானதும், ஷிப்டுக்குப் போகிறவர்களின் நாளே எலெக்ட்ரிக் டிரெயினை வைத்துத்தான் நகர்ந்தது.

என் அப்பா எண்ணூரில் ஓர் ஆலையில் பிட்டராக இருந்தார். டிபன் பாக்ஸும் சீசன் டிக்கெட்டுமாக முப்பது வருஷம் அந்த வண்டியில் போனவர். வண்டி தாமதமானால் ஆலையில் அரை நாள் சம்பளம் வெட்டு. "பத்து நிமிஷம் லேட்டுன்னு ஒருத்தன் முன்னாடியே சொல்லியிருந்தா, சைக்கிள்லயாவது போயிருப்பேன்டா" என்று அவர் அடிக்கடி சொல்வார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

மறுபடியும் வடக்கே

மெட்ரோவின் முதல் கட்டத் திட்டம் வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்தது. அதற்கு மேலே வடக்கில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று நாமெல்லாம் புலம்பிய நாட்கள் உண்டு. பிறகு நீட்டிப்புக்கு 2016-இல் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரி 14-இல் விம்கோ நகர் வரை வண்டி ஓடியது. சுமார் 9 கிலோமீட்டர். தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ஆகியவை தரைக்கு அடியில், மற்றவை மேலே. தென்னகத்தின் முதல் ரயில் நிலையம் இருந்த பகுதிக்கு, 165 வருஷம் கழித்து ஒரு புது ரயில்!

நான் வேலை பார்த்த ஆலையில் ஆட்குறைப்பு வந்த சமயம் அது. ஒப்பந்த அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது. வெட்கத்தோடுதான் சேர்ந்தேன், மறைப்பானேன்? யூனிபார்மை ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் மாற்றிக்கொள்வேன்.

முதல் மாதம். கேட்டில் டிக்கெட் ஒத்துக்கொள்ளாமல் போவதையும், எஸ்கலேட்டர் நிற்பதையும் சரி பார்ப்பதுதான் முக்கிய வேலை என்று நினைத்திருந்தேன். ஒரு ராத்திரி வயசான ஒருவர் வந்து, "தம்பி, கடைசி வண்டி எப்ப?" என்றார். கையில் இருந்த ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "போர்டுல போட்டிருக்கு பாருங்க" என்றேன். அவர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கு எழுத்து தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நான் எழுந்து ஓடுவதற்குள் ரோட்டில் ஆளைக் காணோம். வண்டி இன்னும் இருபது நிமிஷத்தில் இருந்தது.

அன்றைக்குத்தான் அப்பாவின் சைக்கிள் பேச்சு எனக்குப் புரிந்தது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பேசின் பிரிட்ஜ்–வியாசர்பாடி பாலத்தில் தண்ணீர் ஏறி, ரயில்கள் வரிசையாக ரத்தாயின. மெட்ரோ ஓடிக்கொண்டிருந்ததால், போக்கிடம் இல்லாதவர்கள் எங்கள் படியேறினார்கள். அவர்கள் கேட்டதில் பாதிக்கு மேல் எங்கள் வண்டியைப் பற்றியே இல்லை. "சென்ட்ரல்ல எங்க வண்டி இருக்கா?" "கும்மிடிப்பூண்டி பக்கம் எப்படிப் போறது?" "ஆஸ்பத்திரிக்கு ரோடு திறந்திருக்கா?" 'அது எங்க வேலை இல்லீங்க' என்று சொல்லியிருக்கலாம். என் டீமில் இருந்த ஒரு பெண், சார்ட் பேப்பரில் ரத்தான வண்டிகளை எழுதி ஒட்டினாள். மணிக்கு ஒரு முறை விசாரித்துத் திருத்தினாள். நான் அதன் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தேன். எழுத்து தெரியாதவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார் அல்லவா?

தோழனுக்குப் பதில்

இன்று டிக்கெட் போனிலேயே வந்துவிடுகிறது. கேட் தானாகத் திறக்கிறது. இன்னும் பத்து வருஷத்தில் கவுன்ட்டர் இருக்குமா என்று என் டீமில் இருக்கும் பிள்ளைகளே கேட்கிறார்கள். நானும் என்ஜினீயர்தான், மெஷின்மேல் எனக்குக் கோபம் இல்லை. எட்மண்ட்ஸன் செய்ததும் ஒரு மெஷின்தானே? அது மிச்சப்படுத்திய நேரத்தில் பயணியின் முகத்தைப் பார்க்கிறோமா, அல்லது ஆளையே எடுத்துவிடுகிறோமா என்பதுதான் என் கவலை. ஆளை எடுத்துவிட்டால் முதலில் திரும்பிப் போகிறவர் அந்தப் பெரியவர்தான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் டிக்கெட் மெஷினையும், சாப்ட்வேரையும், பாலத்தையும் வடிவமைக்கப் போகிறவர்கள். வடிவமைக்கும் முன் ஒரு வாரம் ஏதாவது ஒரு ஸ்டேஷன் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் நின்று, ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். எந்த ஷிப்டில் வந்தாலும் இடம் காட்டுகிறேன்.

நண்பா, நீ கேட்டது இதுதானே: மெக்கானிக்கல் முடிச்சுட்டு டிக்கெட் கவுன்ட்டர்லயா? ஆமாம்டா, அங்கேதான். இப்பல்லாம் வீட்டிலிருந்தே யூனிபார்ம் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன். இந்த முறை பந்தியில் பக்கத்தில் உட்கார், மிச்சத்தை நேரில் சொல்கிறேன்.